நந்திதா வண்டிக்கு எந்த ஸ்பிரிங்

...இல்லை, மஞ்சள் சரிப்படாது, மஞ்சள் ரொம்ப இளக்கம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினாலே எதிர்ப்புக் காட்டாமல் படுத்துவிடுகிறது, சிவப்பு அதற்கு நேர்மாறு, அழுத்தினால் விரல் நுனியில் வட்டம் வட்டமாகத் தடம் பதிகிறது, வெள்ளை இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சேராத வெள்ளை... ஒரு ஸ்பிரிங்கைப் பார்த்துக்கூடத் தன்னைப் பற்றித்தான் நினைக்கத் தோன்றுகிறதா, சீ, என்று சசிதர் வெள்ளையைத் துணிமேல் போட்டான். மேஜைமேல் நந்திதாவின் வண்டி நின்றது. ரிமோட்டில் ஓடுகிற சின்ன வண்டி, ஒரு பூனை உயரம், முள்ளு முள்ளாக நான்கு பெரிய டயர், வேகமாக ஓடுவதற்கானது அல்ல, பாறைமேல் ஒவ்வொரு சக்கரமாகப் பதித்து ஊர்ந்து ஏறுவதற்கானது. நாற்பது தாண்டிய ஆள், தொண்டாமுத்தூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன், பொம்மை வண்டி விடுகிறான் என்று ஊரில் சிரித்தார்கள், சிரிக்கட்டும், அவனுடைய அக்கா மகள் நந்திதா மட்டும் சிரிக்காமல், மாமா எனக்கும் ஒண்ணு என்று கேட்டாளே, அதற்குப் பிறகு யார் சிரித்தால் என்ன... பக்கத்தில் நறுக் என்று சத்தம். நந்திதாவின் அப்பா பாலுசாமி, எண்ணெயில் சுட்ட இனிப்புக் கச்சாயத்தைக் கடித்தார். மென்றார். நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினார். காலையிலிருந்து இதே சத்தம், இதே எண்ணெய் வாடை, அதற்கு மேல் அவர் கழுத்தில் அப்பியிருந்த பவுடர் வாடை, மாடியில் இந்த அறை சாலிடரிங் புகையும் ரப்பரும் மட்டுமே மணக்கும் அறை, இனி எத்தனை நாள் ஜன்னலைத் திறந்துபோட்டால் இது போகும்?

"ஏனுங்க மாப்ள, புள்ள வாரேன்னு சொல்லிப்போட்டுதுங்கல்ல?" என்றார் பாலுசாமி. "சொல்லுச்சுங்க மச்சான்" என்றான் சசிதர். எவ்வளவு மரியாதை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு ங்க, துணிக்கடை மடிப்புப் போல. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சொக்கிப்போவார்கள், கோயமுத்தூர்ப் பக்கம் என்ன மரியாதையான பேச்சு என்று, ஆமாம், மரியாதையாகத்தான் இங்கே எல்லாம் நடக்கும், கதவைச் சாத்துவதுகூட மரியாதையாகத்தான். பாலுசாமியும் அக்கா வெங்கடலட்சுமியும் வெள்ளகோவிலிலிருந்து காலையில் காரில் வந்தார்கள். கார் வாசலில் இல்லை. தென்னந்தோப்புக்குள்ளே மோட்டார் ரூமுக்குப் பின்னால் நிற்கிறது, நந்திதா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது கண்ணில் படக்கூடாது என்று. அதற்குக் கேட்டைத் திறந்துவிட்டது யார்? அவன்தான். இன்னும் கொஞ்சம் பின்னால போகட்டுமுங்க, அங்கத்த மண்ணு கெட்டிதானுங்க, என்று கை காட்டி வழி சொன்னதும் அவன்தான். அந்தக் கையைத்தான் இப்போது ஸ்பிரிங்கின்மேல் வைத்திருந்தான்.

ஸ்பிரிங்கை மட்டும் நினைப்போம். வண்டியைத் தரையில் வைத்தால் தன் எடைக்கே அது கொஞ்சம் அமர வேண்டும், முழு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவு அமர்ந்தால் சரி. எதற்கு என்றால், சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே போக இடம் வேண்டும், பள்ளம் வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும். ரொம்பக் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் வண்டி விறைத்து நிற்கும், பள்ளத்தில் சக்கரம் இறங்காது, அந்தரத்தில் சும்மா சுற்றும். ரொம்ப இளக்கமாகப் போட்டால் சக்கரம் எல்லா இடத்திலும் ஒட்டும், ஆனால் சரிவில் குறுக்கே போகும்போது உடம்பு சாய்ந்து உருண்டுவிடும். "எறங்கறதுக்கும் எடம் வேணுமுங்க மாமா, எல்லாரும் ஏர்றத மட்டுந்தான் பாக்கறாங்க" என்று நந்திதா சொன்னது நொய்யல் கரைப் பாறையில் மண்டிபோட்டுக்கொண்டு, முழங்காலெல்லாம் மண். ஐந்து தடவை அதே பாறையில் அதே பக்கமாக உருண்டது அவள் வண்டி. மோட்டார் முறுக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது மாமா, அதனாலதான், நாலு மூலைக்கும் ஒரே ஸ்பிரிங் போடக்கூடாது, பின்னால ஒரு மூலைக்கு மட்டும் கெட்டியாப் போடணும் என்றாள். அவனுக்கு மனசு ஒப்பவில்லை, நாலும் ஒண்ணா இருந்தாத்தானே கண்ணு அழகு என்றான். "அழகுக்கா மாமா ஏறுது?" என்று சிரித்தாள். ஆர்டர் போட்ட புது ஸ்பிரிங் வந்ததும் சொல்லுங்க, நான் வந்துதான் மாட்டுவேன், நீங்க கைய வைக்கப்படாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஸ்பிரிங் நிஜமாகவே வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் அவன் அவளுக்கு அனுப்பிய போட்டோ பொய் இல்லை, வந்திருச்சு கண்ணு, நாளைக்கு வா என்று எழுதியதும் பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை... காலையிலிருந்து இதையே எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான், பொய் இல்லாதவன் இப்படியா சொல்லிக்கொண்டிருப்பான்?

வெள்ளகோவில் வீட்டைவிட்டு நந்திதா கிளம்பி இரண்டு மாதம் ஆகிறது. ரவிக்குமாரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னாள், ரசம் ஊற்றிக்கொண்டே, மறைக்கத் தெரியாத பிள்ளை. ரவிக்குமார் அவளோடு ஒரே கம்பெனியில் வால்வு வடிவமைக்கிற வேலை பார்ப்பவன், அதே வெள்ளகோவில்தான், அவன் தாத்தா காலத்தில் பாலுசாமியின் தோட்டத்தில் பண்ணையம் பார்த்த சனம். அன்றைக்கு யாரும் கத்தவில்லை. செரி கண்ணு, யோசிக்கலாம் என்றாராம் பாலுசாமி. மறுநாள் அவள் ஃபோன் காணாமல் போனது, அதற்கு மறுநாள் ஸ்கூட்டர் சாவி, அப்புறம் அவள் கட்டின துணியோடு பஸ் ஏறி கோயமுத்தூர் வந்து லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். அங்கே புது ஃபோன் வாங்கி அவள் பேசுகிற ஒரே சொந்தம் தாய்மாமன். அதனால்தான் தாய்மாமன் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பாலுசாமி ரவிக்குமார் வீட்டுக்கும் போனார், அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார் போன வாரம். அந்தம்மா அன்புக்கரசி, பாவம், அவியளும் நல்ல மனுசங்கதானுங்க, சேர் போட்டு உட்காரவெச்சு, வெள்ளி டம்ளர்ல காப்பி கொண்டாந்து குடுக்குதுங்க. அது உள்ள போன நேரம் பாத்து, பக்கத்துல இருந்த ரோசாச் செடிக்கு ஊத்திப்போட்டேனுங்க. வெளிய வந்து, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களாங்குது. ஐயோ, போதுமுங்கம்மா, காப்பி ரொம்ப நல்லாருந்துச்சுங்கன்னேன்... இதைச் சொல்லிவிட்டுப் பாலுசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். சசிதரும் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, தொண்டையில் ஒரு சின்னச் சத்தம், மச்சான் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதற்காக உடம்பே தானாக எடுத்துக் கொடுக்கிற சத்தம். அந்த அம்மாள் அந்த டம்ளரை எடுத்து வைத்துப் பளபளவென்று துலக்கியிருப்பாள் அல்லவா, வருகிற ஆளுக்காக? அந்தச் செடியடியில் மண் ஈரமாக இருந்ததைப் பார்த்திருப்பாளோ? அந்தச் சத்தம் இன்னும் தொண்டையில் கோழைபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது, காறித் துப்பினாலும் போகவில்லை.

தொட்டுத் தொட்டுப் பார்த்தால் போதாது, மாட்டித்தான் பார்க்க வேண்டும். பின்பக்கத்து ஷாக்கை, ஸ்பிரிங் உட்காருகிற அந்தச் சின்னக் குழாயை, கழற்றி வெள்ளையைப் போட்டான், சின்ன வளையத்தைத் திருகினான், வண்டியை மேஜைமேல் வைத்து மேலிருந்து ஒரு அமுக்கு அமுக்கி விட்டான். எழுந்தது. ஆனால் முன்பக்கம் தலை குனிந்தே நின்றது, நந்திதா முன் அச்சில் பித்தளைக் கட்டிகள் மாட்டியிருக்கிறாள், மேடேறும்போது மூக்கு தூக்காமல் இருக்க, அந்தப் பாரத்துக்குப் பழைய ஸ்பிரிங் போதவில்லை. வெள்ளையைக் கழற்றி முன்னால் மாட்டினான், அப்படியானால் பின்னால்... "மாப்ள, அந்த ரூமு பாத்தீங்கல்லங்க, எப்படி இருக்குது?" என்று பாலுசாமி கேட்டார். அந்த ரூம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற அவருடைய தோட்டத்து வீட்டில், யானை வராமல் இருக்க மின்வேலி போட்ட தோட்டம் அது, உள்ளறையில் ஏசி, புது மெத்தை, சுவரில் இளஞ்சிவப்பு வர்ணம், நந்திதாவுக்கு இளஞ்சிவப்பு பிடிக்காது என்று அப்பாவுக்கு இந்த இருபத்து நாலு வருஷத்தில் தெரியவில்லை. ஜன்னலுக்குப் புதுசாகக் கம்பிவலை. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றி, அந்த ஓட்டைகளை மக்குப் போட்டு அடைத்து, தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்திருந்தார்கள். அவன் அதைப் பார்த்திருந்தான். நல்லாருக்குதுங்க மச்சான் என்றான். "புள்ளைக்கு ஒரு கொறையும் இருக்கப்படாதுங்க. ரெண்டு மாசம் அமைதியா இருந்துச்சுன்னா மனசு மாறிக்கும். பெருந்துறைப் பக்கம் ஒரு நல்ல எடம் வந்திருக்குதுங்க" என்றார் பாலுசாமி, அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குமே பாலக்காட்டுப் பக்கம் ஒரு புள்ள பாத்திருக்கறேனுங்க. இது முடியட்டும், அத நான் முடிச்சுத் தாரேன்" என்றார். இது முடியட்டும், அது முடிக்கிறேன். பத்து வருஷமாக அவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது ஒரு வார்த்தை கேட்காதவர். அதைக் கேட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று மனசு போய்ப் பார்த்துவிட்டு வந்ததே... அந்த நொடியை எதைப் போட்டுக் கழுவுவது?

ஃபோன் அடித்தது. நந்திதா. பாலுசாமி கச்சாயத்தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, விரலால் ஸ்பீக்கரில் போடுங்கள் என்று சைகை காட்டினார். போட்டான். அதையும் செய்தான். "மாமா! காந்திபுரத்துல பஸ் ஏறிட்டேனுங்க, சீட்டும் கெடச்சிருச்சு" என்று அவள் குரல் அறை முழுக்கப் பரவியது, பின்னால் கண்டக்டர் விசில், யாரோ பூ விற்கிற சத்தம், "மாட்டிப்போட்டீங்களா? உண்மையச் சொல்லுங்க." "இல்ல கண்ணு, சும்மா வெச்சுப் பாத்தேன்." "எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. முன்னால எது வெச்சீங்க?" "வெள்ளை." "செரி, அது பரவால்ல. பின்னால அந்த ஒரு மூலைக்குச் சிவப்பு, இன்னொண்ணுக்கு வெள்ளை, பாருங்க எப்படி நிக்குதுன்னு. ரவிகிட்டச் சொன்னா நாலுக்கும் சிவப்பு போடுங்கறான் மாமா, அவனுக்கு ஒரு எழவும் தெரியல, நாந்தான் சொல்லித்தரணும்" என்று சிரித்தாள். அந்தப் பெயரைக் கேட்டும் பாலுசாமியின் முகத்தில் இருந்த புன்னகை அசையவில்லை. அதே புன்னகையோடு குனிந்து, எண்ணெய் வழிகிற விரல்களால் துணிமேல் கிடந்த சிவப்பு ஸ்பிரிங்கை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தார், விட்டார், நசுக்கினார். கச்சாயத் தூள் கம்பிச் சுற்றுக்குள் ஒட்டிக்கொண்டது. இத்தனூண்டுக்கா புள்ள வருது, என்று உதடு மட்டும் அசைய அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கூட்டாளியைப் பார்த்துச் சிமிட்டுகிற மாதிரி.

"கண்ணு, எறங்கிரு" என்றான் சசிதர். "என்னங்க மாமா? கேக்கல." "பஸ்ஸ விட்டு எறங்கிரு கண்ணு. இங்க வராத. உங்கப்பா எம்பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கறாரு. தோட்டத்து ரூமுக்கு வெளியிருந்து தாழ்ப்பாப் போட்டிருக்குது. வராத." தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் பக்கம் பஸ் இரைச்சல், ஒரு குழந்தை அழுகை, கியர் மாறுகிற சத்தம், அப்படியானால் பஸ் கிளம்பிவிட்டதா... அப்புறம் அவள் கேட்டாள், மெதுவாக, மரியாதை குறையாமல், அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. "நேத்து போட்டோ அனுப்பறப்பவே இது உங்களுக்குத் தெரியுமுங்களா மாமா?" தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாள். நம்பக்கூடிய பிள்ளை. "தெரியும் கண்ணு" என்றான். ஃபோன் அணைந்தது.

கத்துவார் என்று எதிர்பார்த்தான், அடிக்கக்கூட அடிக்கட்டும் என்று நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும். பாலுசாமி ஸ்பிரிங்கை எடுத்த இடத்திலேயே, அதன் ஜோடிக்குப் பக்கத்தில், நேராக வைத்தார். "ஃபோன்லயெல்லாம் இப்படிச் சொல்லப்படாதுங்க மாப்ள, புள்ள பயந்துக்குமுங்கல்ல" என்றார். வேட்டி நுனியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "செரி, நீங்க இருங்க. நான் போயி அப்படியே கூட்டிட்டு வந்தர்றேனுங்க" என்று படியிறங்கினார், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக. கீழே செருப்புச் சத்தம், தோப்புக்குள் கார் கதவு, எஞ்சின்... அந்த பஸ் எந்த ரோட்டில் வரும் என்று அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும், ஒரே ரோடுதான். எதிரே போனால் எங்கேயாவது ஒரு நிறுத்தத்தில் பிடித்துவிடலாம். ஏன் அவர் இருக்கும்போதே சொன்னான்? நேற்றே சொல்லியிருக்கலாம், காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மெதுவாகச் சொல்லியிருக்கலாம், அப்போதெல்லாம் வாய் வரவில்லையே. அந்தப் பிள்ளைமேல் இருக்கிற பாசத்தில்தான் சொன்னானா, இல்லை அந்த விரல்களைப் பொறுக்க முடியாமல் சொன்னானா? அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டிருந்தால்? இந்நேரம் அவள் வாசலுக்கு வருகிற வரை பேசாமல் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்திருப்பானா?

அவளைக் கூப்பிட்டான், மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டான், ஸ்விட்ச் ஆஃப். இறங்கிவிட்டாள் என்று அர்த்தமா, கோபம் என்று அர்த்தமா, அல்லது பயத்தில் அப்படியே சீட்டில் உட்கார்ந்திருக்கிறாளா, நம்பினவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று தெரிந்த பிறகு எங்கே இறங்குவது என்றுகூடத் தோன்றாதே. ரவிக்குமார் நம்பர் அவனிடம் இல்லை. ஒரு தடவையாவது கேட்டு வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை, வாங்கினால் ஒரு பக்கம் சேர்ந்ததாக ஆகிவிடும் அல்லவா... பைக் சாவி எங்கே? ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில், இல்லை, சட்டைப் பையில். குறுக்கே வாய்க்கால் தடத்தில் போனால் காரை முந்தலாம். எழுந்தபோது மேஜை இடித்து வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது, எழுந்து நின்றது, அதைப் பார்க்காமல் திரும்பினான்.

அறை வாசலில் அக்கா நின்றாள். காலையிலிருந்து கீழே சமையலறையில் யாரும் கேட்காத கச்சாயத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தவள், முந்தானையில் மாவு, கரண்டி இன்னும் கையில். எப்போது மேலே வந்தாள், எவ்வளவு கேட்டாள், தெரியவில்லை. வெங்கடலட்சுமி எப்போதுமே அப்படித்தான், ஒரு அறைக்குள் இருப்பதே தெரியாது, அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மகள் அந்தப் பெயரைச் சொன்னபோதும் அப்பளம் எடுக்க உள்ளே போய்விட்டாளாம். அழவில்லை. முகத்தில் வேர்வை மட்டும். "தம்பி, அவ எறங்கிட்டாளா?" என்று கேட்டாள். "தெரியலீங்கக்கா" என்றான். "எறங்கியிருப்பாளா?" என்று மறுபடியும் கேட்டாள், அதே குரலில். இறங்கியிருக்க வேண்டும் என்று கேட்கிறாளா, இறங்கியிருக்கக் கூடாது என்று கேட்கிறாளா? குரலில் ஒன்றும் இல்லை, கண்ணிலும் இல்லை, அல்லது இருந்து அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. மச்சானுக்கு என்ன வேண்டும் என்று அவர் மூச்சு விடுவதை வைத்தே சொல்லிவிடுவான், எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தூக்கி வளர்த்த அக்கா, அவளுக்கு என்ன வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறானா? கேட்டால் அவளுக்குத்தான் சொல்லத் தெரியுமா? கேட்பதற்கு இப்போது நேரமும் இல்லை, கார் இந்நேரம் மெயின் ரோட்டை எட்டியிருக்கும். "அக்கா, கொஞ்சம் நகருங்க" என்றான். அவள் கதவு நிலையில் ஒரு கையை வைத்தாள், சாய்ந்துகொள்வதற்கா, மறிப்பதற்கா என்று அவனால் சொல்ல முடியவில்லை.